ஆரஞ்சுத் துணி விழுந்த இடம்

பந்தை வாங்கியவன் ஓட ஆரம்பித்தாயிற்று. எதிரே வந்த முதல் ஆளைத் தோளைச் சாய்த்து ஏமாற்றினான். இரண்டாமவன் அவன் சட்டையைப் பிடிக்கப் பார்த்து வெறுங்கையோடு விழுந்தான். பிறகு எல்லைக்கோட்டை ஒட்டி ஒரே ஓட்டம். அரங்கம் எழுந்து நிற்கிறது. கோல் கோட்டைத் தாண்டிப் பந்தைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடிக்கிறான். ஆனால் விவரம் தெரிந்தவர்கள் அவனைப் பார்ப்பதில்லை. அவன் வந்த வழியைத் திரும்பிப் பார்க்கிறார்கள். அங்கே, அறுபது கஜம் பின்னால், புல்லின் மேல் கைக்குட்டை அளவில் ஓர் ஆரஞ்சுத் துணி கிடக்கிறது.

கைதட்டல் மெல்ல முனகலாக மாறும். விதிமீறல் நடந்தால் நடுவர் வீசுவது; எத்தனையோ ஓட்டங்களை விழுங்கிய துணி அது. எனக்கு ஓடியவனைவிட அதன் மேல்தான் கண்.

நான் சொல்வது கனடிய ஃபுட்பால். ஃபுட்பால் என்றதும் நம் ஊர்க் கால்பந்தை நினைத்துக்கொள்ள வேண்டாம். இது முட்டை வடிவப் பந்து, தலைக்கவசம், தோள் கவசம் எல்லாம் கொண்ட ஆட்டம். ஆளை ஆள் மோதிச் சாய்ப்பது இங்கே முறையான வேலை. அமெரிக்கர் ஆடும் ஃபுட்பாலுக்கு ஒன்றுவிட்ட சகோதரன் என்று கனடிய ஃபுட்பாலைச் சொல்லலாம். அங்கே அணிக்கு 11 பேர், இங்கே 12. அங்கே மைதானம் 100 கஜ நீளம், இங்கே 110. பத்துக் கஜம் முன்னேற அங்கே நான்கு வாய்ப்பு, இங்கே மூன்றுதான். வாய்ப்பு குறைவு என்பதால் பந்தை உதைத்து எதிரணியிடம் தள்ளிவிடும் வேலை, அதாவது பன்ட், இங்கே அடிக்கடி நடக்கும். உதைத்த பந்தை வாங்கித் திரும்ப ஓடி வருவதைத்தான் கிக் ரிட்டர்ன் என்கிறார்கள்.

துணி பிறந்தது கனடாவில் அல்ல. அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில் யங்ஸ்டவுன் என்ற எஃகு ஆலை நகரம். அங்கிருந்த கல்லூரி அணியின் பயிற்சியாளர் ட்வைட் பீட். அந்தக் காலத்தில் யாராவது விதியை மீறினால் நடுவர்கள் ஊதுகுழல் ஊதுவார்கள். அந்தச் சத்தமே பீடுக்குப் பிடிக்கவில்லை. அதில் இன்னொரு சிக்கலும் இருந்தது என்பது என் எண்ணம். சத்தம் காற்றோடு போய்விடும். தவறு நடந்தது என்று சொல்லுமே தவிர, எந்த இடத்தில் நடந்தது என்று காட்டாது. அந்த இடத்தை யாராவது மனத்தில் குறித்து வைத்துக்கொள்ள வேண்டும், இருபதுக்கும் மேற்பட்டவர்கள் மோதி உருளும் களத்தில்.

1941 அக்டோபரில் ஓக்லஹோமா சிட்டி பல்கலைக்கழக அணி யங்ஸ்டவுனுக்கு ஆட வந்தது. பீட் தன் மனைவி இர்மாவிடம் ஒரு வேலையை ஒப்படைத்தார். வீட்டில் பழைய ஹாலோவீன் வேடத் துணி ஒன்று சிவப்பு நிறத்தில் கிடந்தது. அதை வெட்டி, பழைய படுக்கை விரிப்பிலிருந்து வெள்ளைப் பட்டை எடுத்து வைத்துத் தைத்தார் இர்மா. வீசினால் காற்றில் அலையாமல் நேராகப் போய் விழவேண்டுமே? தூண்டிலில் கட்டும் ஈயக் குண்டுகளைச் சேர்த்தார். பிள்ளைகள் பேய் வேடம் போடும் துணியும் மீன்பிடிக்கிற ஈயமும் சேர்ந்து ஒரு விளையாட்டின் நீதி வழங்கும் கருவியாகிவிட்டன. அமெரிக்காவின் முதல் கொடியைத் தைத்தவர் என்று அந்நாட்டார் போற்றும் பெட்ஸி ராஸின் பெயரைச் சொல்லி, ஃபுட்பாலின் பெட்ஸி ராஸ் என்று இர்மாவைப் பின்னாளில் அழைத்தார்கள். ஆட்டத்தை வென்ற பயிற்சியாளர்கள் ஆயிரம் பேர் உண்டு. ஆட்டத்தின் விதியோடு ஒட்டிக்கொண்ட தையல்காரி இவர் ஒருவர்தான்.

துணியின் பெரிய சாமர்த்தியம் இதுதான்: அது ஆட்டத்தை நிறுத்துவதில்லை. ஊதல் ஊதினால் ஓடுகிறவன் தயங்குவான், துரத்துகிறவன் விட்டுவிடுவான். துணி ஓசையில்லாமல் விழுகிறது. பந்து தன்போக்கில் போய்க்கொண்டே இருக்கும். தவறு மட்டும் நடந்த இடத்திலேயே தங்கிவிடும், மேலே ஈயத்தை வைத்துக்கொண்டு.

1948இல் தேசிய ஃபுட்பால் லீக் என்ற அமெரிக்கத் தொழில்முறை லீக் துணியை ஏற்றுக்கொண்டது. முதலில் வெள்ளை, 1965இல் மஞ்சளானது. கனடாவில் அது ஆரஞ்சு. இதில் ஒரு வேடிக்கை உண்டு. நடுவரின் முடிவை எதிர்த்து முறையிடப் பயிற்சியாளர்களும் ஒரு துணியை வீசலாம். அமெரிக்காவில் அது சிவப்பு, கனடாவில் மஞ்சள். ஆக நாட்டு எல்லையின் தென்புறம் நடுவர் கையில் இருக்கும் மஞ்சள், வடபுறம் பயிற்சியாளர் கையில் இருக்கிறது. இரண்டு லீகையும் மாறி மாறித் தொலைக்காட்சியில் பார்க்கிறவர்கள் கொஞ்சம் தடுமாறத்தான் செய்வார்கள். எனக்கு ஆரஞ்சுதான் சரியென்று படுகிறது. நவம்பரில், சில சமயம் பனி விழும்போதே இறுதி ஆட்டம் ஆடும் நாட்டில், பச்சையிலும் வெள்ளையிலும் பளிச்சென்று தெரியவேண்டும் அல்லவா?

துணிக்கு ஒரு கறையும் உண்டு. 1999 டிசம்பரில் கிளீவ்லேண்ட் பிரவுன்ஸ் அணி ஆடிய ஆட்டத்தில் நடுவர் வீசிய துணி ஆர்லாண்டோ பிரவுன் என்ற வீரரின் வலது கண்ணில் பட்டது. பெரிய உடம்பு, தலைக்கவசம், முகத்துக்குக் கம்பி வலை. எல்லாவற்றையும் தாண்டி உள்ளே போயிற்று. எடைக்காக அதில் சின்னச் சின்ன உலோகக் குண்டுகள் வைத்திருந்தார்கள். அவர் மூன்று பருவங்கள் ஆடமுடியாமல் போயிற்று. எடை இல்லாமல் துணி பறக்காது, எடை இருந்தால் ஆபத்து. பிறகு மணல் போன்ற மென்மையான எடைக்கு மாறினார்கள். இர்மாவின் தூண்டில் ஈயம் போய்ச் சேர்ந்த இடம் அது.

இனி கனடாவுக்கு வருவோம். கிக் ரிட்டர்னில் இந்தத் துணிக்கு ஏன் இவ்வளவு வேலை?

கனடிய ஃபுட்பால் ரக்பியின் வயிற்றில் பிறந்தது. 1874இல் மான்ட்ரியலின் மெக்கில் பல்கலைக்கழக மாணவர்கள் ஹார்வர்டுக்குப் போய் ஆடிய ஆட்டத்திலிருந்துதான் வட அமெரிக்க ஃபுட்பாலின் கதையே கிளைக்கிறது. அமெரிக்கர்கள் ரக்பியை விட்டு வேகமாக விலகினார்கள். கனடியர்கள் மெதுவாக, மனமில்லாமல் விலகினார்கள். உதைத்த பந்து விஷயத்தில் அந்தப் பழைய ரத்தம் இன்னும் ஓடுகிறது.

அமெரிக்க ஆட்டத்தில் பந்தை வாங்கப்போகிறவன் பயந்தால் கையை உயர்த்தி அசைக்கலாம். 'நான் ஓடமாட்டேன், என்னைத் தொடாதே' என்று பொருள். பந்தைப் பிடித்ததும் ஆட்டம் அங்கேயே நின்றுவிடும். கனடாவில் அந்தச் சலுகை கிடையாது. வாங்கினால் ஓடித்தான் ஆகவேண்டும். அதற்குப் பதில், துரத்தி வருகிறவர்கள் அவனைச் சுற்றி ஐந்து கஜம் விட்டு நிற்கவேண்டும். உதைத்தவனும், உதைக்கும் நேரத்தில் அவனுக்குப் பின்னால் இருந்தவர்களும் மட்டும் விலக்கு. வாங்குகிறவன் பந்தைத் தொட்ட பிறகுதான் மற்றவர்கள் அந்த வட்டத்துக்குள் நுழையலாம். மீறினால் 'நோ யார்ட்ஸ்' என்று பெனால்டி. பந்தை அந்தரத்திலேயே பிடித்திருந்தால் 15 கஜம், தரையில் பட்டு எழும்பியிருந்தால் 5 கஜம் என்று பல காலம் வைத்திருந்தார்கள். பந்து குதிக்கட்டும், 5 கஜம் போனால் போகட்டும், ஓடவிடாமல் அமுக்கினால் லாபம் என்று கணக்குப் போட்ட அணிகளும் உண்டு. எந்தச் சட்டத்திலும் விலை மலிவான சந்து ஒன்று இருக்கும் போல.

கையை அசைத்துத் தப்பிப்பதைவிட ஐந்து கஜ வட்டம் எனக்கு மேலாகத் தெரிகிறது. பாதுகாப்பும் கிடைக்கிறது, ஆட்டமும் சாகவில்லை. ஆனால் ஒன்று: கண்ணுக்குத் தெரியாத வட்டம் அது. யாரும் கோடு போட்டு வைப்பதில்லை. வாங்குகிறவன் பந்துக்கு ஏற்ப இரண்டு அடி நகர்ந்தால் வட்டமும் நகரும். வாயைப் பிளந்துகொண்டு ஓடிவரும் பத்துப் பேர் திடீரென்று பிரேக் போட்டு நிற்கவேண்டும். நடுவரோ பந்தையும் பார்க்கவேண்டும், இவர்களின் காலையும் பார்க்கவேண்டும்.

ஆரம்பத்தில் ஓடுகிறவனுக்குத் துணையாக அவன் அணியினர் யாரையும் மோதித் தடுக்க முடியாது. ரக்பியில் பந்து இல்லாதவனை மறிப்பது குற்றம், அந்த மரபு. உதைபந்தை வாங்கியவன் அநாதை. 1975இல்தான் கனடிய ஃபுட்பால் லீக் பன்ட் ரிட்டர்னில் தடுப்பதை அனுமதித்தது. ஓடுகிறவனுக்கு முன்னால் காவலாட்கள் வந்தார்கள். ஓட்டங்கள் நீண்டன. கூடவே குற்றங்களும் பெருகின. இந்த ஓட்டத்தில் எல்லாமே வேகம். ஒருவன் எதிராளியின் மார்பில் மோதப் போவான். அதற்குள் அந்த ஆள் திரும்பிவிடுவான். அடி முதுகில் விழும். முதுகில் தள்ளுவது குற்றம். சட்டையைப் பிடித்து இழுப்பதும் குற்றம். எண்ணத்தில் தவறில்லை, அரை நொடி தாமதம்தான். துணிக்கு அதெல்லாம் தெரியாது. 1975க்குப் பிறகு கிக் ரிட்டர்னில் அதற்கு நிரந்தர உத்தியோகம் கிடைத்துவிட்டது.

இப்போது கிட்டத்தில் போய்ப் பார்க்கலாம். ஒரு கற்பனை ஆட்டம். ஆனால் பருவத்துக்குப் பலமுறை நடப்பதுதான்.

அணி தன் 30ஆம் கஜக் கோட்டில் பந்தை வாங்குகிறது. வாங்கிய இடத்தில் நடுவர் ஒரு சின்னப் பையைக் கீழே போடுகிறார். அரை முழம் கூட இராது; உள்ளே மணிகள் நிரப்பிய பை. துணிக்கும் இதற்கும் வேறுபாடு உண்டு. பை குற்றம் சொல்லாது, இடம் மட்டும் சொல்லும்: பந்து கை மாறியது இங்கே. ஓட்டம் தொடர்கிறது. ஓடுகிறவன் தன் 50ஆம் கஜக் கோட்டை எட்டும் நேரம், அதே கோட்டில், பக்கத்தில் ஒருவன் எதிராளியை முதுகில் தள்ளுகிறான். அங்கே இருக்கும் நடுவரின் கை இடுப்புக்குப் போகிறது. துணியின் எடையுள்ள முனை மட்டும் வெளியே தெரியும்படிதான் செருகியிருப்பார்கள். ஒரே இழுப்பில் வரவேண்டும். கண்ட இடத்தில் போடமாட்டார். குற்றம் நடந்த கோட்டை நோக்கி வீசுகிறார். வீசிவிட்டு நிற்கவும் மாட்டார், ஆட்டத்தோடு ஓடுவார். ஓடுகிறவன் மீதி 60 கஜத்தையும் கடந்து கோல் கோட்டைத் தாண்டுகிறான்: டச் டவுன்.

நடுவர்கள் கூடிப் பேசுகிறார்கள். என்ன குற்றம், எந்த அணி, எந்த எண், எங்கே, அப்போது பந்து எங்கே. கடைசி இரண்டு கேள்விகளும் ஒன்று போலத் தோன்றும், ஒன்றல்ல. குற்றம் நடந்த இடம் ஒன்று, அந்த நொடியில் பந்து வைத்திருந்தவன் நின்ற இடம் இன்னொன்று. மைதானத்தின் அகலம் 65 கஜம். ஒரு மூலையில் முதுகில் தள்ளும்போது ஓடுகிறவன் வேறொரு மூலையில் இருக்கலாம், இருபது கஜம் முன்னாலோ பின்னாலோ இருக்கலாம். இவை தவிர, உதைக்கும் முன் பந்து வைக்கப்பட்டிருந்த ஸ்க்ரிமேஜ் இடம் உண்டு, கடைசியில் ஆட்டம் நின்ற இடம் உண்டு. பெனால்டியை எந்தப் புள்ளியிலிருந்து அளப்பது என்பதற்கு விதிப்புத்தகம் இப்படி இடங்களுக்கெல்லாம் பெயர் வைத்து, குற்றத்துக்குக் குற்றம் பிரித்து எழுதியிருக்கிறது. புதிதாகப் படிக்கிறவனுக்குப் பத்திர அலுவலக மூல ஆவணம் மாதிரி இருக்கும்.

எங்கள் கற்பனை ஓட்டத்தில் நல்லவேளையாக இரண்டும் ஒரே கோட்டில். பெனால்டி 10 கஜம். 50இலிருந்து பின்னால் 10. பந்து அந்த அணியின் 40ஆம் கோட்டில் வைக்கப்படும். அதாவது வாங்கிய இடத்திலிருந்து பத்துக் கஜம் லாபம். முழுசாகப் போனது டச் டவுன்தான்.

இந்தக் கணக்கின் நியாயத்தைக் கவனியுங்கள். பந்து ஏற்கனவே கை மாறிவிட்டது. பழைய ஸ்க்ரிமேஜ் இடத்துக்கே எல்லாவற்றையும் இழுத்துக்கொண்டு போனால், உதைத்தவனுக்கே பந்தைத் திருப்பிக் கொடுத்தது போலாகும். 30இலிருந்து 50 வரை அவன் ஓடியது சுத்தமான ஓட்டம்; அதைப் பிடுங்க யாருக்கும் உரிமை இல்லை. 50க்குப் பிறகு ஓடியதில் தவறின் உதவி கலந்திருக்கிறது, அது செல்லாது. நேர்மையாகச் சம்பாதித்ததிலிருந்து அபராதத்தைக் கழித்துக்கொள்கிறார்கள். துணி இல்லாவிட்டால் இந்த நியாயத்தைச் செய்யவே முடியாது. அந்த 50ஆம் கோடு யாருக்கு நினைவிருக்கும்? எல்லோர் கண்ணும் பந்தோடு போயிருக்குமே.

துணிக்கடையில் கஜக் கணக்கில் துணி அளந்த காலம் ஒன்று இருந்தது. துணியைப் போட்டுக் கஜம் அளப்பது இங்கேதான். கனடா மெட்ரிக் முறைக்கு மாறி எத்தனையோ ஆண்டுகள் ஆயிற்று. சாலைப் பலகையில் கிலோமீட்டர், பெட்ரோல் லிட்டரில். ஃபுட்பால் மட்டும் கஜத்தை விடவில்லை.

ஆனால் எல்லாக் குற்றத்துக்கும் துணி விழுந்த இடம் முக்கியமில்லை. அதற்கு ஓர் உதாரணம் கனடா மறக்கவே மறக்காத ஆட்டம். 2009 நவம்பர் 29. கால்கரி நகரின் மெக்மஹோன் அரங்கம். கனடிய ஃபுட்பால் லீகின் க்ரே கோப்பை இறுதி ஆட்டம்; சாஸ்காச்சுவான் ரஃப்ரைடர்ஸும் மான்ட்ரியல் அலூவெட்ஸும். 27-11 என்று பின்தங்கிக் கிடந்த மான்ட்ரியல் கடைசிக் கட்டத்தில் எழுந்து 27-25க்கு வந்துவிட்டது. ஆட்ட நேரம் முடியும் தறுவாயில் டேமன் டுவால் 43 கஜத்திலிருந்து கோல் உதைத்தார். தவறிவிட்டது. சாஸ்காச்சுவான் வீரர்கள் கொண்டாட மைதானத்துக்குள் ஓடினார்கள்.

துணி கிடந்தது. சாஸ்காச்சுவான் களத்தில் 12 பேருக்குப் பதில் 13 பேர் நின்றிருந்தார்கள்.

இங்கே துணி எங்கே விழுந்தது என்று யாரும் கேட்கவில்லை. ஆள் கூடுதல் என்ற குற்றம் பந்து நகரும்போதே நடந்துவிட்டது. அதற்கு இடம் என்று தனியாக ஒன்று இல்லை. ஆகவே ஸ்க்ரிமேஜ் இடத்திலிருந்தே அளந்தார்கள். பத்துக் கஜம். 43இல் பத்து போனால் 33. டுவால் இரண்டாவது முறை 33 கஜத்திலிருந்து உதைத்தார். உள்ளே போயிற்று. 28-27. ஆட்டம் முழுக்க ஒரு நிமிடம்கூட முன்னிலையில் இல்லாத அணி, கடிகாரத்தில் நேரமே மிச்சமில்லாதபோது கோப்பையை எடுத்துக்கொண்டது. இதில் குரூரமான ஒரு பொருத்தம்: சாஸ்காச்சுவான் ரசிகர்களுக்கு நெடுநாளாக வழங்கிவரும் செல்லப்பெயர் 'பதின்மூன்றாவது ஆள்'.

கிரிக்கெட்டில் நோ பால் என்று கை நீட்டினால் பெரும்பாலும் விக்கெட் போனது போனதாகாது. அந்த ஏமாற்றம் நமக்குத் தெரியும். ஆனால் நோ பாலைப் பெரும்பாலும் பந்து வீசிய கையோடு சொல்லிவிடுவார்கள். இங்கே முழு ஓட்டமும் முடியவிட்டுப் பிறகு சொல்வார்கள். ஓடுகிறவன் முதுகுக்குப் பின்னால் நடந்தது அவனுக்குத் தெரியாது. கொண்டாடி முடித்துத் திரும்பும்போதுதான் புல்லில் ஆரஞ்சு தெரியும். தவறு செய்தவன் வேறொருவன், ஓட்டம் போனது இவனுக்கு. அதனால்தான் துணி விழாத பெரிய ஓட்டங்களுக்கு இந்த ஆட்டத்தில் இவ்வளவு மதிப்பு.

அப்படியொன்று 1987 நவம்பரில் வான்கூவரில் நடந்தது. க்ரே கோப்பை இறுதி ஆட்டம், எட்மன்டனும் டொரான்டோவும். டொரான்டோ உதைத்த கோல் முயற்சி தவறியது. கனடாவில் தவறிய கோல் உதையையும் வாங்கி ஓடலாம். எட்மன்டனின் ஹென்றி வில்லியம்ஸ் தன் கோல் கோட்டுக்குப் பின்னால் நின்று பந்தை எடுத்தார். உருவத்தில் சிறியவர், 'கிஸ்மோ' என்று செல்லமாகக் கூப்பிடுவார்கள். தன் வாழ்நாளில் 26 பன்ட்களை டச் டவுனாக மாற்றியவர் அவர். அன்று மைதானத்தின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை ஓடினார். 115 கஜம். மைதானமே 110 கஜம்தானே என்று கேட்கலாம். கோல் கோட்டுக்குப் பின்னால் இருக்கும் 20 கஜப் பகுதியிலிருந்து கிளம்பியதால் கூடுதல் ஐந்து. பன்னிரண்டு பேர் பன்னிரண்டு பேரை மோதிக்கொண்டிருந்த அந்த 115 கஜத்தில் ஓட்டத்தை அழிக்கும் துணி ஒன்றுகூட விழவில்லை. எட்மன்டன் 38-36 என்று வென்றது. இரண்டே புள்ளி வித்தியாசம். ஒரு முதுகுத் தள்ளல் நடந்திருந்தால் கோப்பை இடம் மாறியிருக்கும்.

ஓடியவனுக்கு வரலாற்றில் பெயர் இருக்கிறது. அவனுக்கு முன்னால் போய், அரை நொடி பொறுத்து, எதிராளியின் முதுகைக் கண்டதும் கையை இழுத்துக்கொண்டவர்கள் யாரென்று யாருக்கும் நினைவில்லை. கிக் ரிட்டர்னில் பாதி வித்தை அந்தக் கையை இழுத்துக்கொள்வதில்தான் இருக்கிறது என்பேன்.

2025 செப்டம்பரில் கனடிய ஃபுட்பால் லீக் ஓர் அறிவிப்பு வெளியிட்டது. 2027 முதல் மைதானத்தின் நீளம் 110இலிருந்து 100 கஜமாகக் குறைகிறது. கோல் கோட்டுக்குப் பின்னால் இருக்கும் பகுதி 20இலிருந்து 15 கஜமாகிறது. நடுவில் இருந்த 55ஆம் கஜக் கோடு போய்விடும். பழைய ரசிகர்களில் பலருக்குக் கோபம். துணிக்கு ஒன்றுமில்லை, அது எந்தக் கோட்டின் மேலும் விழும். ஆனால் கிஸ்மோ ஓடிய 115 கஜத்தை இனி ஒருவன் ஓட வேண்டுமானால், மைதானத்தின் கடைசிக் கோட்டில் குதிகால் உரச நின்றுதான் பந்தை வாங்கவேண்டும்.